பனித்தரையில் ஒரு பிரிவு

தென்கொரிய நாட்டுக் கங்நுங் நகரின் பனி அரங்கம். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள். குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் மகளிர் பனிச்சறுக்கு ஆட்டத்தின் இறுதிக் கட்டம் நடைபெறுகிறது. எல்லாருக்கும் கடைசியாகப் பனித்தரையில் இறங்கினார் பதினெட்டு வயது நங்கை ஒருவர். அன்னா கரேனினாவின் துயரக் கதையைத் தழுவி அமைந்த இசைக்கு ஏறக்குறைய நான்கு நிமிட நேரம் ஆடினார். துள்ளி எழுந்து மும்முறை சுழன்று ஒற்றைக் காலில் இறங்கும் கடினமான தாவல்கள் அனைத்தும் பழுதின்றி அமைந்தன. இசை நின்றதும் அடக்கமாட்டாமல் அழுதார். தம்மால் இயன்றது அனைத்தையும் கொடுத்துவிட்டவரின் அழுகை அது என்று அந்த ஒளிப்பதிவைப் பார்த்த நமக்குத் தோன்றியது.

நடுவர்கள் வழங்கிய புள்ளிகள் 156.65. அவருக்கு முன் ஆடிய பதினைந்து வயதுச் சிறுமிக்கு அன்று அதே கட்டத்தில் கிடைத்ததும் 156.65. ஓர் எள்ளளவும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் இரு நாட்களுக்கு முன் நடந்த குறும் ஆட்டத்தில் சிறியவள் 82.92 பெற்றிருந்தாள், மூத்தவர் 81.61 பெற்றிருந்தார். ஆகவே 1.31 புள்ளி வேறுபாட்டில் தங்கம் இளையவளுக்கும் வெள்ளி மூத்தவருக்கும் சென்றன.

தங்கம் வென்றவள் அலீனா ஜாகித்தோவா. வெள்ளி வென்றவர் எவ்கேனியா மெத்வெதேவா. இருவரும் ருஷ்ய நாட்டினர், மாஸ்கோவில் ஒரே பனித்தரையில் நாள்தோறும் பயின்றவர்கள். இருவருக்கும் பயிற்சியாளரும் ஒருவரே. அவ்வம்மையார் அன்று ஒரு மாணவியின் வெற்றிக்காக மகிழவேண்டும், மற்றொரு மாணவியின் தோல்விக்காக வருந்தவும் வேண்டும். இரண்டையும் ஒரே முகத்தால் எப்படிச் செய்வது? இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது, அந்நாளுக்குப் பின் மூன்று மாதங்கள் கழியுமுன் அம்மூத்த மாணவி எடுத்த ஒரு முடிவைப் பற்றியும், அதனால் எழுந்த மனவருத்தங்களைப் பற்றியுமாகும்.

பனிக்கட்டியைப் பெரும்பாலும் சர்பத்துக் குவளையில் மட்டுமே கண்டு பழகிய நம் வாசகர்களுக்கு இவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவது நலம். காலணியின் அடியில் பொருத்திய மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் நின்று, உறைபனித் தளத்தில் இசைக்கேற்ப ஆடுவதே இக்கலை. போட்டி இரு பகுதிகளாக நடைபெறும். முதலாவது குறும் ஆட்டம், ஏறக்குறைய இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அடுத்தது நெடும் ஆட்டம். தாவல், சுழற்சி, காலடி நுட்பம் ஆகியவற்றுக்கு ஒரு கணக்கு. நளினம், இசையோடு இயைதல், நிகழ்ச்சியின் கட்டமைப்பு ஆகியவற்றுக்கு மற்றொரு கணக்கு. இரண்டையும் கூட்டியே புள்ளி வழங்குவர். அன்றைய விதிப்படி, ஆட்டத்தின் பிற்பாதியில், கால்கள் களைத்த நிலையில் செய்யப்படும் தாவலுக்குப் பத்து விழுக்காடு கூடுதல் மதிப்பு உண்டு. ஜாகித்தோவா தம் நெடும் ஆட்டத்தின் தாவல்கள் அத்தனையையும் பிற்பாதிக்கே ஒதுக்கி வைத்திருந்தார். அன்று நுட்பத்தில் அவருக்கு 81.62, மெத்வெதேவாவுக்கு 79.18. நளினத்தில் மெத்வெதேவாவுக்கு 77.47, ஜாகித்தோவாவுக்கு 75.03. கூட்டிப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. (அடுத்த பருவத்திலேயே உலகச் சங்கம் இவ்விதியைத் திருத்தி, நெடும் ஆட்டத்தில் கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டுமே கூடுதல் மதிப்பு என்று வரையறுத்துவிட்டது. விதி மாறிற்று, பதக்கம் மாறவில்லை!)

தாயின் கைப்பிடித்து வந்தவள்

மெத்வெதேவா 1999-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். அவருடைய தாயும் இளமையில் பனிச்சறுக்குப் பயின்றவர். மூன்று வயதிலேயே மகளைப் பனித்தரையில் ஏற்றிவிட்டார். எட்டு வயதையொட்டி, 2007-ஆம் ஆண்டில், எத்தேரி துத்பெரிட்ஸே என்னும் பயிற்சியாளரிடம் சிறுமி வந்து சேர்ந்தாள்.

இந்த எத்தேரி அம்மையாரின் வாழ்க்கையே தனிக் கதையாக எழுதத் தக்கது. ஜார்ஜியக் குடிவழியில் வந்தவர், 1974-இல் மாஸ்கோவில் பிறந்தவர். தாமும் ஒரு காலத்தில் பனியாட்டக்காரர். சோவியத் ஆட்சி குலைந்த காலத்தில் பனியாட்டக் குழுவொன்றோடு அமெரிக்கா சென்று, அங்கே பிழைப்புக்கு அல்லாடினார். 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் ஓக்லஹாமா நகரில் அரசுக் கட்டடத்தை வெடிகுண்டு தகர்த்து 168 பேர் மாண்டபோது, அதற்கு அருகிலிருந்த விடுதியில் தங்கியிருந்து உயிர் தப்பியவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் சில காலம் அமெரிக்காவிலேயே சிறுவர்க்குப் பயிற்சியளித்து, தாயகம் திரும்பினார். பெயரும் புகழும் அவரைத் தேடி வர நெடுங்காலம் பிடித்தது. 2014-ஆம் ஆண்டு சோச்சி ஒலிம்பிக்கில் அவருடைய மாணவியான பதினைந்து வயது யூலியா லிப்னித்ஸ்கயா குழுப் போட்டியில் தங்கம் பெறத் துணைநின்று உலகையே வியக்க வைத்தபோதுதான் பயிற்சியாளரின் பெயரும் உலகுக்குத் தெரிந்தது.

இளம் வயதில் உடல் இலேசாக இருக்கும்போதே மிகக் கடினமான தாவல்களைக் கற்பித்து, அவற்றை ஓயாது திரும்பத் திரும்பச் செய்வித்து உறுதிப்படுத்துவது அவருடைய முறை. கண்டிப்பு மிக்கவர். முகத்துக்கெதிரே குறை சொல்லத் தயங்காதவர். அவருடைய கூடத்தில் ஒரு பிள்ளை தளர்ந்தால் அவ்விடத்தை நிரப்ப மற்றொரு பிள்ளை காத்திருக்கும். ஜாகித்தோவாவையே ஒருமுறை போதிய முயற்சி இல்லையென்று வெளியேற்றிவிட்டு, பின்னர் மனமிரங்கிச் சேர்த்துக்கொண்டார் என்பர்.

அத்தகைய கூடத்தில் மெத்வெதேவா பதினோர் ஆண்டுகள் வளர்ந்தார். ஓர் எட்டு வயதுக் குழந்தை பதினெட்டு வயது மங்கையாவதற்குள் எத்தனை மாற்றங்கள் உண்டு என்பதைப் பெற்றோர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் பயிற்சியாளரின் கண்காணிப்பிலேயே கழிந்திருக்கும். என்ன உண்பது, எப்போது உறங்குவது, எந்த இசைக்கு ஆடுவது, எந்நிற ஆடை அணிவது என்பதெல்லாம் அங்கிருந்தே தீர்மானமாகும். அன்னைக்கு அடுத்த இடம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

பலன் கிடைத்தது. 2015-இல் இளையோர் உலகப் பட்டம். 2016-இல் பாஸ்டனிலும் 2017-இல் ஹெல்சிங்கியிலும் முதியோர் உலகப் பட்டம். ஹெல்சிங்கியில் இரண்டாம் இடத்தவரைவிட 15 புள்ளிகளுக்கு மேல் முந்தி நின்றார். 2015 நவம்பருக்குப் பின் இரண்டாண்டுகளுக்கு மேலாக அவரைத் தோற்கடிக்க உலகில் எவராலும் இயலவில்லை. 2018 ஒலிம்பிக்கின் தங்கம் இவருக்கே என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டன.

ஒரு காலின் முறிவு

2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவருடைய வலக்கால் பாதத்தில் எலும்பு முறிவு கண்டது. டிசம்பரில் ஜப்பானில் நடந்த பெரும் போட்டியில் ஆட இயலவில்லை, தேசியப் போட்டியிலும் பங்கு பெறவில்லை. அதே டிசம்பர் 5-ஆம் நாள் அவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முன் நின்று, ஊக்கமருந்து வழக்கில் தண்டிக்கப்படவிருந்த தம் நாட்டு விளையாட்டு வீரர்களின் சார்பில் பேசினார். பதினெட்டு வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. கால் எலும்பும் கூடவில்லை. பெரியவர்கள் செய்த பிழைக்குப் பெரியவர்கள் முன் பரிந்து பேச ஒரு பெண்பிள்ளையை அனுப்பிய பெரியவர்களைப் பற்றி நாம் என்ன சொல்வது! முடிவில் ருஷ்ய வீரர்கள் கொடியின்றி, நாட்டுப் பண்ணின்றிப் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர்.

இதற்கிடையே ஜாகித்தோவா முதியோர் பிரிவில் நுழைந்திருந்தாள். அக்காலத்து விதிப்படி, ஒலிம்பிக் ஆண்டுக்கு முந்திய ஜூலை முதல் நாளுக்குள் பதினைந்து வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 2002 மே 18-இல் பிறந்த அவளுக்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் மிச்சத்தில் தகுதி கிடைத்தது. ஜூலையில் பிறந்திருந்தால் தென்கொரியாவை அவள் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பாள். 2018 ஜனவரியில் மாஸ்கோவிலேயே நடந்த ஐரோப்பியப் போட்டியில், காயத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்த மெத்வெதேவாவை அச்சிறுமி வென்றாள். ஈராண்டு வெற்றித் தொடர் அன்றோடு முடிந்தது. அடுத்தது கங்நுங்.

குறும் ஆட்டத்தன்று நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. மெத்வெதேவா 81.61 பெற்று உலக சாதனையை முறியடித்தார். அந்த மகிழ்ச்சி சில நிமிடங்களே நீடித்தது. அடுத்து ஆட வந்த ஜாகித்தோவா 82.92 பெற்று அதையும் முறியடித்துவிட்டாள். ஒரே பயிற்சியாளரின் இரு மாணவிகள் சில நிமிட இடைவெளியில் இரு உலக சாதனைகள் படைத்தால், அந்தப் பயிற்சியாளருக்கு அது வாழ்நாளின் உச்சம். மூத்த மாணவிக்கு?

போகிறேன் என்ற சொல்

மார்ச்சில் மிலான் நகரில் நடந்த உலகப் போட்டிக்குக் காயத்தின் காரணமாக அவர் செல்லவில்லை. ஏப்ரலில் வதந்திகள் பரவின. மே மாதம் 7-ஆம் நாள் ருஷ்யப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு செய்தியை உறுதிப்படுத்தியது. மெத்வெதேவா எத்தேரி அம்மையாரை விட்டு நீங்குகிறார், கனடா நாட்டின் டொராண்டோவிலுள்ள பிரையன் ஆர்சரிடம் பயிற்சி பெறப் போகிறார், ஆனால் ருஷ்யாவுக்காகவே தொடர்ந்து ஆடுவார் என்பது செய்தி. மெத்வெதேவாவும் தம் பழைய பயிற்சியாளருக்கு நன்றி கூறி அறிக்கை விடுத்தார்.

எத்தேரி அம்மையார் தம் மனக்காயத்தை மறைக்கவில்லை. தொலைக்காட்சிப் பேட்டியொன்றில், ஒலிம்பிக்குக்குப் பின் மெத்வெதேவா தம்மிடம் வந்து, அலீனாவை இன்னும் ஓர் ஆண்டு இளையோர் பிரிவிலேயே நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதாகவும், எல்லாருக்கும் சமமான வாய்ப்பளிப்பது தம் கடமை என்று தாம் விடையளித்ததாகவும் அவர் கூறினார். நாட்டில் பலர் இதைப் பிடித்துக்கொண்டு, நன்றி கொன்றவள் என்றும் துரோகி என்றும் அப்பெண்ணைத் தூற்றினர்.

அறைக்குள் இருவர் நடத்திய உரையாடலை அவ்விருவரே அறிவர். கேட்டது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அஃது அவ்வளவு பெரிய குற்றமா? பதினோராண்டு காலம் தாயைப்போல் எண்ணியவரிடம், என்னை ஏன் முதலாவதாக வைக்கவில்லை என்று ஒரு பெண் கேட்பது பொறாமையாகத் தோன்றலாம், நமக்கு அதில் அன்பின் முறையீடே மிகுதியாகக் கேட்கிறது. வீட்டில் தம்பி பிறந்த அன்று மூத்த குழந்தை கேட்கும் கேள்விதானே அது? அதே நேரத்தில், எத்தேரி அம்மையார் கூறிய விடையிலும் பிழையில்லை. தகுதி வந்துவிட்ட ஒரு சிறுமியை, மற்றொருத்தியின் பொருட்டு ஒலிம்பிக் வாயிலில் தடுத்து நிறுத்த எந்த நேர்மையான ஆசிரியருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அக்கேள்வியைத் தொலைக்காட்சியில் வெளியிட்டிருக்க வேண்டாம் என்பது நம் கருத்து. மாணவி தனியே மனம் திறந்து சொன்னதை ஊரறியச் சொன்ன பின், அம்மாணவி திரும்பி வரும் வழியை ஆசிரியரே குறுக்கிவிடுகிறார்.

இவ்வாறு ஆசிரியரை மாற்றிய முதல் வீராங்கனை மெத்வெதேவா அல்லர். அமெரிக்காவின் மிஷெல் குவான் 1992 முதல் தம்மை உருவாக்கிய பிராங்க் கேரலை 2001 அக்டோபரில், சால்ட் லேக் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்தபோது விட்டு விலகினார், தனியாகவே சென்று வெண்கலம் பெற்றார். எத்தேரி அம்மையாரின் முதல் புகழ் மாணவியான லிப்னித்ஸ்கயாவும் 2015-இல் அவரை விட்டு நீங்கினார். உணவை வெறுக்கும் நோய்க்குச் சிகிச்சை பெற்ற பின், 2017-இல் ஆட்டத்தையே துறந்துவிட்டார். பத்தொன்பது வயது!

ஆனால் இவ்வரலாற்றில் வியப்பூட்டுவது, அடைக்கலம் கொடுத்த பிரையன் ஆர்சரின் கதையே. அவர் 1984-இலும் 1988-இலும் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். தம் சொந்த நாடான கனடாவின் கால்கரி நகரில், பெரும் எதிர்பார்ப்புக்கிடையே, அமெரிக்கரான மற்றொரு பிரையனிடம் மயிரிழையில் தங்கத்தை இழந்தவர். இரண்டாம் இடத்தின் கசப்பு எத்தகையது என்று அவருக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. பயிற்சியாளரானபின் அவரிடம் பயின்ற தென்கொரியாவின் கிம் யூனா 2010-இல் வான்கூவரில் தங்கம் வென்றார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே யூனாவும் அவர் தாயாரும் ஆர்சரை விட்டு நீங்கினர். யார் யாரை விட்டது, ஏன் விட்டது என்று இரு தரப்பினரும் பத்திரிகைகளில் மாறி மாறிப் பேசி, கசப்பு வளர்ந்தது. ஆக, மாணவி விட்டுச் செல்லும்போது ஆசிரியர் நெஞ்சில் விழும் அடி எத்தகையது என்பதையும் அவர் அனுபவித்தவர். 2012-இல் ஜப்பானின் ஹன்யு யுசுரு, செந்தாய் நகரில் தம்மை வளர்த்த பயிற்சியாளரைப் பிரிந்து பதினேழு வயதில் அவரிடம் வந்து, 2014-இலும் 2018-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். வந்தவரை வரவேற்றும், போனவரை வழியனுப்பியும் பழகியவர் ஆர்சர்.

டொராண்டோவில்

தாயின் துணையோடு மெத்வெதேவா கடல் கடந்தார். புதிய நாடு, புதிய மொழி, புதிய உணவு. எல்லாவற்றையும்விடப் புதியது, பயிற்சி முறை. ஆர்சரும், 1988-இல் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற டிரேசி வில்சன் அம்மையாரும் நடத்தும் கூடத்தில், தாவலுக்கு முன்னே சறுக்கலுக்கு முதலிடம். உலகப் பட்டம் பெற்றவரும் நேற்றுச் சேர்ந்த சிறுவரும் ஒரே வகுப்பில், அடிப்படைக் காலடிகளைச் சேர்ந்தே பழகுவர். பத்தாண்டுக் காலம் உடலில் ஊறிய தாவல் முறையை அவிழ்த்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. அதற்குக் காலம் பிடிக்கும் என்று ஆர்சர் முதலிலேயே எச்சரித்தார். கையெழுத்தை வளர்ந்த பின் மாற்ற முயன்றவர்களுக்கு இதன் வருத்தம் விளங்கும். பழையது போய்விடும், புதியது வந்திராது. நடுவில் ஒரு காலம் எழுத்தே கோணிக்கொள்ளும்.

அப்படித்தான் நேர்ந்தது. 2018 அக்டோபரில் கனடாவில் நடந்த போட்டியின் குறும் ஆட்டத்தில் ஏழாம் இடம், பின்னர் போராடி மூன்றாம் இடம். பிரான்சில் நான்காம் இடம். டிசம்பரில் சரான்ஸ்க் நகரில் தேசியப் போட்டி. குறும் ஆட்டத்தில் பதினான்காம் இடம்! இருமுறை உலகப் பட்டம் பெற்றவர், சொந்த நாட்டில், தம்மைத் துரோகி என்று ஏசியவர்கள் பார்த்திருக்க, பதினான்காம் இடத்தில் நின்றார். அன்றிரவு அவர் பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மறுபடியும் பனித்தரையில் இறங்கி நெடும் ஆட்டத்தை ஆடி, ஏழாம் இடம் வரை ஏறி முடித்தார்.

நமக்கு இவ்வரலாற்றில் மிகப் பிடித்த இடம் கங்நுங் அன்று, சரான்ஸ்க். வெள்ளிப் பதக்கத்தோடு அழுவதற்குத் திறமை போதும். பதினான்காம் இடத்திலிருந்து மறுநாள் சிரித்த முகத்தோடு ஆட வருவதற்கு வேறு ஒன்று வேண்டும். அதை அவர் எங்கே கற்றார்? கண்டிப்பு மிக்க மாஸ்கோக் கூடத்திலா, பொறுமை மிக்க டொராண்டோக் கூடத்திலா என்று நம் வீட்டில் இளையவர்களோடு ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். முடிவு கிட்டவில்லை.

2019 பிப்ரவரியில் ருஷ்யக் கோப்பையின் இறுதிப் போட்டியில் வென்று, உலகப் போட்டிக்கு மூன்றாவது வீராங்கனையாகத் தேர்வு பெற்றார். மார்ச்சில் ஜப்பானின் சைத்தாமா நகரில் போட்டி. அங்கே வெற்றி மேடையில் நின்ற மூவரையும் வாசகர்கள் மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டுகிறோம். முதலிடத்தில் 237.50 புள்ளிகளோடு ஜாகித்தோவா. இரண்டாமிடத்தில் 224.76 பெற்ற கஸகஸ்தானின் எலிசபெத் துர்சின்பாயெவா. மூன்றாமிடத்தில் 223.80 பெற்ற மெத்வெதேவா. இந்தத் துர்சின்பாயெவா யார் தெரியுமா? சிறு வயதில் எத்தேரி அம்மையாரிடம் பயின்று, பின்னர் டொராண்டோவில் ஆர்சரிடம் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, மெத்வெதேவா மாஸ்கோவை விட்டு டொராண்டோவுக்குப் போன அதே 2018-ஆம் ஆண்டில் டொராண்டோவை விட்டு மாஸ்கோவுக்குத் திரும்பியவர்! எதிரெதிர்த் திசையில் சென்ற இருவரும் ஒரு புள்ளிக்கும் குறைந்த இடைவெளியில் ஒரே மேடையில் அடுத்தடுத்து நின்றனர். திரும்பிப் போனவர் நான்கு சுழற்சித் தாவல் ஒன்றைச் செய்து, முதியோர் உலகப் போட்டிகளில் அதைச் சாதித்த முதற்பெண் என்ற பெருமையைப் பெற்றார். போனவர் தம் ஆட்டத்தையே மீட்டுக்கொண்டார். எந்த ஆசிரியர் சிறந்தவர் என்று இம்மேடையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முயல்பவர் தோற்றுப் போவார்.

எது சரி?

மெத்வெதேவா போனது சரியே என்பது நம் எண்ணம். பழைய கூடத்தில் அவர் எஞ்சியிருந்தால் ஒவ்வொரு காலையும் தம்மை வென்ற சிறுமியின் பக்கத்தில் நின்று காலணி கட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, அங்கு கற்பிக்கப்பட்ட முறை சிறு பெண்களின் உடலுக்கு ஏற்றது. பதினெட்டு வயதில் உடல் மாறும்போது வேறு முறை வேண்டும். வளர்ந்தும் ஆடவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருத்தி, வளர்ந்தவர்களை ஆடவைக்கும் இடத்தைத் தேடியதில் நன்றிகேடு எங்கே இருக்கிறது? பன்னிரண்டு வயதில் பெற்றோர் மாற்றிவிட்டால் அது பெற்றோர் முடிவு. பதினெட்டு வயதில் தானே மாறினால் பழியும் தன்னுடையதே. அதை அவர் பிறர் தலையில் ஏற்றாமல் தாமே சுமந்தார்.

ஆயினும் எத்தேரி அம்மையாரை அரக்கியாகச் சித்திரிக்கும் பத்திரிகைகளோடும் நாம் ஒத்துப்போக இயலாது. விடுதியில் தங்கி, வெடிகுண்டுக்குத் தப்பி, வெறுங்கையோடு ஊர் திரும்பி, ஒவ்வொரு பிள்ளையாகச் செதுக்கிய ஒருவர், செதுக்கி முடிந்ததும் பிள்ளை வேறிடம் போகிறது என்றால் நோகத்தான் செய்வார். அவருடைய முறையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவருடைய மற்றொரு மாணவியான பதினைந்து வயது கமீலா வலியேவா ஊக்கமருந்துக் குற்றச்சாட்டின் நடுவே ஆடி, தடுமாறி விழுந்து நான்காம் இடத்தில் அழுதுகொண்டு வெளியேறியதை உலகம் பார்த்தது. வெளியே வந்த சிறுமியை வரவேற்ற முறை கொடுங்குளிராக இருந்தது என்று ஒலிம்பிக் கமிட்டியின் தலைவரே வெளிப்படையாக வருந்தினார். 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் அச்சிறுமிக்கு நான்காண்டுத் தடை விதித்தது. அவளுக்கு மருந்தைக் கொடுத்த கை எது என்பதற்கு அத்தீர்ப்பில் விடையில்லை.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகப் பனிச்சறுக்குச் சங்கத்தின் மாநாடு, 100 வாக்குக்கு 16 என்ற கணக்கில், முதியோர் பிரிவில் ஆடுவதற்கான வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்தியது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பதினேழு நிறையாத எவரும் அப்பிரிவில் ஆடுவதற்கில்லை. இவ்விதி 2018-இல் இருந்திருக்குமாயின் ஜாகித்தோவா கங்நுங் வந்திருக்க முடியாது. மெத்வெதேவா தனியறையில் கேட்டதாகச் சொல்லப்படும் அக்கேள்வியை, நான்காண்டு கழித்து நூறு பேர் கைதூக்கிக் கேட்டார்கள் என்று சொல்லலாம் போலிருக்கிறது.

திரும்பி வந்தவர்

2019-ஆம் ஆண்டின் இறுதியில் மெத்வெதேவாவின் ஆட்டம் மெல்ல மீண்டு வந்தது. மாஸ்கோவில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் அடுத்த மாதத் தேசியப் போட்டியில் காலணி உடைந்து, குறும் ஆட்டத்தோடு விலக நேர்ந்தது. 2020-இல் கொரோனா நோய்த்தொற்று நாடுகளின் வாயில்களை அடைத்துவிட்டது. டொராண்டோவுக்குச் செல்ல வழியில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் வெளிவந்த செய்தி பலரைத் திகைக்க வைத்தது. மெத்வெதேவா எத்தேரி அம்மையாரிடமே திரும்பிவிட்டார்! ஆர்சரோடு கசப்பு ஏதுமின்றிப் பிரிவு நிகழ்ந்தது. இம்முறை எவரும் பத்திரிகைகளில் ஏசிக்கொள்ளவில்லை.

அதே 2020-இல் எத்தேரி அம்மையாரை விட்டுப் போன வேறு இரு மாணவிகளும், கொஸ்தோர்நயாவும் த்ருசோவாவும், 2021-இல் திரும்பி வந்தனர். அவர்களுள் த்ருசோவா பெய்ஜிங்கில் வெள்ளி வென்றார். போவதும் வருவதும் அக்கூடத்தில் அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது போலும்.

ஆனால் மெத்வெதேவாவுக்குப் பழைய நாட்கள் மீளவில்லை. முதுகு வலி மிகுந்தது. அவ்வாண்டு நோய்த்தொற்றும் அவரைப் பற்றி மருத்துவமனையில் கிடத்தியது. பெயர் கொடுத்திருந்த போட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக விலகினார். 2021 டிசம்பரில், முதுகுக் காயம் காரணமாக இனிப் போட்டிகளில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். இருபத்திரண்டு வயது. திரும்பி வந்த பின் எத்தேரி அம்மையாரின் மாணவியாக அவர் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. சைத்தாமாவின் வெண்கலமே உலகப் போட்டிகளில் அவர் பெற்ற கடைசிப் பதக்கம். அது ஆர்சரிடம் இருந்தபோது கிடைத்தது.